நஷ்டத்துக்கும் போனஸ்!

2009 மார்ச்சில் 16.5 கோடி டாலர் அமெரிக்காவையே கொதிக்கவைத்தது. அந்தக் கோபம் நியாயமானதா? அது கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது?

2009 மார்ச் 18, வாஷிங்டன். பிரதிநிதிகள் சபையின் நிதித்துறைத் துணைக்குழு முன்னால் எட்வர்ட் லிடி உட்கார்ந்திருக்கிறார். பின்வரிசையில் இளஞ்சிவப்பு உடை அணிந்த போராட்டக்காரர்கள் கேமராக்களுக்குத் தெரியும்படி அட்டைகளைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். லிடி, ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனத்தின் தலைமை நிர்வாகி. ஆறு மாதத்துக்கு முன் நிறுவனம் மூழ்கிக்கொண்டிருந்தபோது, அரசு கேட்டுக்கொண்டதால் வந்து பொறுப்பேற்றவர். சம்பளம் ஒரு டாலர். போனஸ் வாங்கியவர்களின் பெயர்களைக் கொடுங்கள் என்கிறார் நிதிக்குழுத் தலைவர் பார்னி ஃபிராங்க். பெயர்கள் வெளியே போகாது என்று உறுதி கொடுத்தால் தருகிறேன் என்கிறார் லிடி. அந்த உறுதியைத் தர முடியாது என்று பதில் வருகிறது. லிடி ஒரு தாளை எடுத்து வாசிக்கிறார். அந்த அதிகாரிகளையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் பியானோ கம்பியால் கழுத்தை இறுக்கிக் கொல்ல வேண்டும் என்று வந்த மிரட்டல் அது.

அதற்கு ஐந்து நாள் முன்பு, மார்ச் 13 வெள்ளிக்கிழமை, ஏ.ஐ.ஜி.யின் நிதிப் பொருட்கள் பிரிவில் வேலை செய்தவர்களுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் பட்டுவாடா ஆகியிருந்தது. நிறுவனத்தைக் கவிழ்த்ததே அந்தப் பிரிவுதான். அதற்கும் பதினோரு நாள் முன்பு, ஒரே காலாண்டில் 6,170 கோடி டாலர் நஷ்டம் என்று ஏ.ஐ.ஜி. அறிவித்திருந்தது. அமெரிக்க நிறுவனம் எதுவும் அதுவரை ஒரு காலாண்டில் அவ்வளவு இழந்ததில்லை. நிறுவனத்தின் 79.9 சதவீதம் அப்போது அரசின் கையில் இருந்தது. அதாவது, போனஸ் கொடுத்தது அமெரிக்காவின் வரி கட்டும் மக்கள். அந்த மாதம் அந்த நாட்டில் வேலையின்மை 8.7 சதவீதம்.

கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம், படித்தவர்கள் பலர் அந்தக் கோபத்தை அற்பமென்று ஒதுக்கியதுதான். ஏ.ஐ.ஜி.க்கு அரசு ஒதுக்கிய மொத்த உதவி 18,200 கோடி டாலர் வரை போனது. போனஸ் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கடலளவு போகும்போது கையளவுக்குக் கூச்சலா, இது வெறும் பொறாமை, கணக்குத் தெரியாதவர்களின் ஆத்திரம் என்றார்கள். இந்தக் கட்டுரையின் கட்சி வேறு. போனஸ் 2008 நிதி நெருக்கடியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த அழுக்கல்ல. நெருக்கடியை உண்டாக்கிய காரணங்களில் ஒன்று. மக்கள் சரியான இடத்தைத்தான் தொட்டார்கள். ஆனால் தொட்ட இடத்தில் இருந்த ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, ஆட்களைத் தேடிப் போனார்கள்.

கையெழுத்துக்குக் கூலி

ஏ.ஐ.ஜி. நூறு நாடுகளுக்கு மேல் கிளை பரப்பிய காப்பீட்டு நிறுவனம். டாடா குழுமத்தோடு சேர்ந்து நடத்தும் நிறுவனத்தின் வழியாக அந்தப் பெயர் இந்தியர்களுக்கும் தெரியும். அதன் உயிர்க் காப்பீடும் வாகனக் காப்பீடும் நிதானமாக நடந்துகொண்டிருந்த தொழில்கள். கனெக்டிகட் மாநிலத்தின் வில்டன் என்ற சிற்றூரிலும் லண்டனிலும் இருந்து இயங்கிய, சுமார் 400 பேர் கொண்ட நிதிப் பொருட்கள் பிரிவு வேறொரு தொழில் செய்தது. வீட்டுக்கடன்களை மூட்டை கட்டி விற்ற பத்திரங்களை வாங்கியிருந்த வங்கிகளிடம், 'இந்தப் பத்திரம் மூழ்கினால் பணத்தை நாங்கள் தருகிறோம்' என்று எழுதிக் கொடுத்துக் கட்டணம் வாங்கியது. கிரெடிட் டிஃபால்ட் ஸ்வாப் என்று பெயர். ஊரில் எல்லோருடைய கடனுக்கும் ஜாமீன் கையெழுத்துப் போட்டு, கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற ஆளை நினைத்துக்கொள்ளலாம். கடனெல்லாம் ஒழுங்காக அடைபடும்வரை அவருக்குச் செலவே கிடையாது, வந்ததெல்லாம் வரவு. இது காப்பீடு என்று சட்டம் கருதாததால், சாதாரணக் காப்பீட்டு நிறுவனம் ஒதுக்கிவைக்க வேண்டிய தொகையை ஒதுக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஏ.ஐ.ஜி.யிடம் ஒரு சிறு சேமிப்பு வங்கி இருந்தது என்பதால், அதன் தாய் நிறுவனத்தை மேற்பார்வையிடும் பொறுப்பு சேமிப்பு வங்கிகளைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்திடம் இருந்தது.

இங்கேதான் சம்பளம் உள்ளே வருகிறது. அந்தப் பிரிவு சம்பாதித்த ஒவ்வொரு டாலரிலும் சுமார் 30 சென்ட் அங்கே வேலை செய்தவர்களுக்குப் போனது. கட்டணம் இந்த ஆண்டே வரும், போனஸும் இந்த ஆண்டே. நஷ்டம் வந்தால் ஐந்தாறு ஆண்டு கழித்து வரும். அப்போது, முன்பு வாங்கிய போனஸை யாரும் திருப்பித் தர வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டில் அதிகக் கையெழுத்துப் போடுகிறவர் கெட்டிக்காரர், தயங்குகிறவர் ஏமாளி. பிரிவின் தலைவர் ஜோசப் கஸானோ எட்டு ஆண்டில் சுமார் 28 கோடி டாலர் பெற்றார் என்று 2008 அக்டோபரில் நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது. 2008 தொடக்கத்தில், நஷ்டம் வெளியே தெரிந்த பிறகு அவர் விலகினார். ஆனால் ஆலோசகராக மாதம் பத்து லட்சம் டாலர் தொடர்ந்தது. இவர்கள் சட்டத்தை மீறினார்கள் என்று யாரும் நிரூபிக்கவில்லை. கஸானோ மீதான விசாரணையை 2010 மே மாதத்தில் நீதித்துறை குற்றச்சாட்டு இல்லாமலே முடித்துக்கொண்டது. குற்றம் எதுவும் செய்யாமலே ஒரு நாட்டின் நிதி அமைப்பை விளிம்புக்குத் தள்ள முடியும் என்றால், குறை ஆளிடமா, ஆளுக்குக் கூலி கொடுத்த முறையிடமா?

அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவர் பென் பெர்னான்கே சூதாட்டக்காரர்களைத் திட்டும் தெருமுனைப் பேச்சாளர் அல்ல. அவரே 2009 மார்ச் 3-ல் செனட் குழுவிடம், இந்த நெருக்கடியில் ஏ.ஐ.ஜி. அளவுக்குத் தன்னைக் கோபப்படுத்திய விஷயம் வேறில்லை என்றார். நிலையான ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தோடு ஒட்டவைத்த ஊக முதலீட்டு நிதி (ஹெட்ஜ் ஃபண்ட்) என்று அந்தப் பிரிவை வர்ணித்தார். பொறாமை என்று மக்களின் வாயை அடைத்தவர்கள் பெர்னான்கேயின் கோபத்தை எதில் சேர்ப்பார்கள்?

| பெட்டிச் செய்தி: எண்களில் ஏ.ஐ.ஜி. |
|---|
| 2008 செப்டம்பர் 16: லேமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி திவாலான மறுநாள், ஃபெடரல் ரிசர்வ் தந்த முதல் கடன் 8,500 கோடி டாலர் |
| 2008-ம் ஆண்டின் மொத்த நஷ்டம்: 9,930 கோடி டாலர் |
| பத்து லட்சம் டாலருக்கு மேல் போனஸ் வாங்கியவர்கள்: 73 பேர். அவர்களில் 11 பேர் அப்போது அங்கே வேலையில் இல்லை |
| ஒருவர் வாங்கிய அதிகபட்சத் தொகை: 64 லட்சம் டாலர் |
| அரசின் பணத்தால் வங்கிகள் பெற்றது: கோல்ட்மன் சாக்ஸ் 1,290 கோடி, சொசைட்டே ஜெனரால் 1,190 கோடி, டாய்ச்ச வங்கி 1,180 கோடி டாலர் |

யாருடைய ஒப்பந்தம் புனிதம்?

நிறுவனத்தின் தரப்பில் மூன்று வாதங்கள் சொல்லப்பட்டன. மூன்றும் லேசானவை அல்ல. முதலாவது, ஒப்பந்தம். 2008 தொடக்கத்திலேயே, அரசு உள்ளே வருவதற்கு முன்பே, இந்தத் தொகைகளுக்கு உத்தரவாதம் கொடுத்து எழுதியாயிற்று. கொடுக்காவிட்டால் கனெக்டிகட் மாநிலக் கூலிச் சட்டப்படி இரண்டு மடங்கு கொடுக்க நேரிடும் என்றார்கள் வழக்கறிஞர்கள். சட்டத்தின் ஆட்சி நடக்கும் நாட்டில் அரசு ஒப்பந்தத்தைக் கிழித்தெறிய முடியுமா என்ற கேள்வி சரியான கேள்விதான். ஆனால் அதே குளிர்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் தொழிலாளர்களின் ஒப்பந்தத்துக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 2008 டிசம்பரில் அந்த இரு நிறுவனங்களுக்கும் 1,740 கோடி டாலர் வரை கடன் தர ஒப்புக்கொண்ட அரசு, தொழிலாளர்களின் கூலியும் வேலை விதிகளும் அமெரிக்காவில் தொழிற்சாலை வைத்திருக்கும் வெளிநாட்டு கார் நிறுவனங்களின் அளவுக்கு இறங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. தொழிற்சங்கம் முறையாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிய சலுகைகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது. அங்கே ஒப்பந்தத்தின் புனிதம் பற்றி யாரும் சட்டப் புத்தகத்தைப் புரட்டவில்லை. கார் நகரமான டெட்ராய்ட்டில் வளைந்த ஒப்பந்தம் வில்டனில் மட்டும் ஏன் வளையவில்லை என்பதுதான் மக்களின் கேள்வி. அதற்கு இன்றுவரை நேரான பதில் இல்லை. மேலும், அரசு கைகொடுத்திருக்காவிட்டால் ஏ.ஐ.ஜி. திவாலாகியிருக்கும், இந்த ஒப்பந்தக்காரர்களும் கடன் கொடுத்த மற்றவர்களோடு நீதிமன்ற வாசலில் வரிசையில் நின்று, கிடைத்ததை வாங்கிப் போயிருப்பார்கள். ஒப்பந்தத்தைக் காப்பாற்றியது சட்டம் அல்ல, மக்களின் பணம்.

இரண்டாவது வாதம், இவர்கள் போய்விட்டால் யார் இதை அவிழ்ப்பது? அந்தப் பிரிவின் புத்தகங்களில் அப்போதும் சுமார் 1.6 லட்சம் கோடி டாலர் முகமதிப்புள்ள ஒப்பந்தங்கள் கிடந்தன. உள்ளே இருப்பவருக்குத்தான் எந்த முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரியும்; வெளியே போனால் எதிராளியிடம் வேலைக்குச் சேர்ந்து அந்த அறிவையே ஆயுதமாக்கலாம். இந்தப் பயம் நிஜம் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பயத்தின் பெயரால் கொடுத்த பணம் போன இடத்தைப் பாருங்கள். தக்கவைப்பதற்கென்று கொடுத்த தொகை, ஏற்கெனவே போய்விட்ட 11 பேருக்கு ஆளுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் போனது. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ குவோமோ இதை வெளியிட்ட பிறகு இரண்டாவது வாதத்தின் குரல் கொஞ்சம் கம்மியது. தவிர, மிரட்டிப் பணம் கேட்கும் வலிமை ஒரு ஊழியருக்கு இருக்கிறது என்றால் அதைத் திறமைக்கான விலை என்று சொல்வது கணக்கைக் குழப்புவது.

மூன்றாவது, எல்லா ஊழியர்களும் ஸ்வாப் விற்றவர்கள் அல்ல என்பது. இது உண்மை. மூன்றில் மிகக் கனமான வாதமும் இதுதான். அதைப் பிறகு பார்ப்போம்.

ஆயிரத்தில் ஒரு பங்கு

தொகை சிறியது என்ற ஆட்சேபத்துக்கு இப்போது பதில். போனஸ் சிறிய தொகைதான். ஆனால் பெரிய தொகையைப் பார்க்க மக்களுக்கு வேறு ஜன்னல் எது இருந்தது? அரசு ஏ.ஐ.ஜி.க்குக் கொடுத்த பணம் அங்கே தங்கவில்லை. ஜாமீன் கையெழுத்து வாங்கியிருந்த வங்கிகளுக்குப் போனது. எந்த வங்கிக்கு எவ்வளவு என்று கேட்டபோது, 2009 மார்ச் 5-ல் ஃபெடரல் ரிசர்வ் துணைத்தலைவர் டொனால்டு கோன் செனட் குழு முன் பெயர் சொல்ல மறுத்தார். பத்து நாள் கழித்து, போனஸ் செய்தி நாட்டைப் பற்றவைத்த அதே ஞாயிற்றுக்கிழமை, ஏ.ஐ.ஜி. அந்தப் பட்டியலை வெளியிட்டது. கோல்ட்மன் சாக்ஸ், மெரில் லிஞ்ச், பார்க்ளேஸ் எல்லாம் அதில் இருந்தன. சந்தையில் பாதி விலைக்கும் போகாத பத்திரங்களுக்குக்கூட அந்த வங்கிகளுக்கு டாலருக்கு டாலர் முழுமையாகக் கணக்குத் தீர்க்கப்பட்டிருந்தது. கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் எட்டு வங்கிகளிடம் கேட்டுப் பார்த்ததும், மற்றவர்களும் சம்மதித்தால் 2 சதவீதம் விடுகிறேன் என்று யு.பி.எஸ். மட்டும் சொன்னதும், மற்ற ஏழும் கைவிரித்ததும், அதோடு பேச்சு நின்றதும் அந்த ஆண்டு நவம்பரில் சிறப்புத் தணிக்கையாளர் நீல் பரோஃப்ஸ்கியின் அறிக்கையில் வெளிவந்தன. 'கையளவு' போனஸ் மீதான கோபம் இல்லாமல் இந்தக் 'கடலளவு' இவ்வளவு சீக்கிரம் வெளிச்சத்துக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இன்னொன்று. ஏ.ஐ.ஜி. தனி மரம் அல்ல. நெருக்கடிக்காக அரசிடம் 17,500 கோடி டாலர் வாங்கிய ஒன்பது வங்கிகள், 2008-ம் ஆண்டுக்கு 3,260 கோடி டாலர் போனஸ் கொடுத்தன என்று குவோமோவின் இன்னொரு அறிக்கை பிற்பாடு கணக்குக் காட்டியது. மெரில் லிஞ்ச், பேங்க் ஆஃப் அமெரிக்காவின் கைக்குப் போவதற்குச் சில நாள் முன்பு, வழக்கமான மாதத்துக்குக் காத்திராமல் 2008 டிசம்பரிலேயே 360 கோடி டாலரை அவசரமாகப் பிரித்துக் கொடுத்தது. இந்த போனஸ் திட்டத்தைப் பங்குதாரர்களிடம் மறைத்ததாக எழுந்த வழக்கில், பேங்க் ஆஃப் அமெரிக்கா 2010-ல் 15 கோடி டாலர் கட்டித் தீர்த்துக்கொண்டது. வங்கி கட்டும் அபராதம் யார் பணம்? பங்குதாரர் பணம். விஷயத்தை மறைத்தது யாரிடம்? அதே பங்குதாரர்களிடம்.

பேருந்து போன தெரு

மார்ச் 21 சனிக்கிழமை, கனெக்டிகட்டில் ஒரு பேருந்து புறப்பட்டது. உள்ளே வேலை இழந்தவர்களும் வீடு பறிபோகும் நிலையில் இருந்தவர்களும் இருந்தார்கள். ஃபேர்ஃபீல்டில் ஏ.ஐ.ஜி. அதிகாரிகள் வசித்த வீடுகளுக்குப் போய், வாசலில் கடிதம் வைத்துவிட்டுத் திரும்பினார்கள். கல் எறியவில்லை, கண்ணியமாகவே நடந்துகொண்டார்கள். ஆனாலும் கோபம் தடம் மாறிய இடமாக அந்தத் தெருவைத்தான் சொல்ல வேண்டும். வீட்டு விலாசம் தெரிந்த ஆள் கிடைத்துவிட்டால், விலாசமில்லாத ஒப்பந்த முறையை யார் தேடுவார்கள்? செனட்டர் சக் கிராஸ்லி, அந்த அதிகாரிகள் ஜப்பானியரைப் போலத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டு, ராஜினாமாவோ தற்கொலையோ செய்துகொள்ளட்டும் என்றார். மறுநாள், அது பேச்சுக்குச் சொன்னது என்றார்.

மார்ச் 25-ல் அந்தப் பிரிவின் செயல் துணைத்தலைவர் ஒருவரின் ராஜினாமாக் கடிதம் நியூயார்க் டைம்ஸ் இதழில் வெளியானது. ஸ்வாப்களோடு தனக்குச் சம்பந்தமே இல்லை, அவற்றை விற்றவர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள், சிதறியதைப் பொறுக்க ஒரு டாலர் சம்பளத்தில் இருந்தேன், பேசிய தொகையைத் தருவோம் என்று திரும்பத் திரும்ப உறுதி சொல்லிவிட்டு இப்போது எங்களைக் கைவிட்டுவிட்டீர்கள் என்று அவர் லிடியைக் கேட்டிருந்தார். மேலே விட்டுவைத்த மூன்றாவது வாதத்துக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடையாது. அவருக்கு நடந்தது அநியாயம் என்று ஒப்புக்கொள்வதில் தயக்கம் தேவையில்லை. ஆனால் அந்த அநியாயமே நம் கட்சியைத்தான் பலப்படுத்துகிறது. தவறு செய்தவர் பணத்தோடு போய்விட, பணத்தைத் திரும்பப் பெற வழியே எழுதாத ஒப்பந்தம், மிச்சம் இருந்தவரைக் கூட்டத்தின் முன் நிறுத்தியது.

நாடாளுமன்றம் அதைச் சரிசெய்யப் போகவில்லை. மார்ச் 19 அன்று, பெரிய அளவில் அரசு உதவி பெற்ற நிறுவனங்களின் போனஸ்களுக்கு 90 சதவீத வரி விதிக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 328-க்கு 93 என்று நிறைவேற்றியது. நடந்து முடிந்த ஒரு செயலுக்குப் முன்தேதியிட்டு, ஒரு குறிப்பிட்ட கூட்டத்தைக் குறிவைத்துப் போடும் வரி நீதிமன்றத்தில் நிற்குமா என்பது அப்போதே கேள்வி. செனட் அதைக் கையிலெடுக்கவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஒரு மாதம் முன்பு இதே நாடாளுமன்றம் நிறைவேற்றிய பொருளாதார ஊக்கச் சட்டத்தில் போனஸ் கட்டுப்பாடு இருந்தது. 2009 பிப்ரவரி 11-க்கு முன் எழுதிய ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது என்ற விலக்கும் கூடவே இருந்தது. அந்த விலக்கு எப்படி வந்தது என்று முதலில் தெரியாது என்ற செனட்டர் கிறிஸ் டாட், பிறகு, நிதித்துறை கேட்டதால் தானே சேர்த்ததாக ஒப்புக்கொண்டார். மைக் முன்னால் கொதித்தவர்களில் எத்தனை பேர் அந்த விலக்குக்குக் கை தூக்கியவர்கள்!

| பெட்டிச் செய்தி: எடின்பரோவில் உடைந்த கண்ணாடி |
|---|
| பிரிட்டனில் இந்தக் கோபத்துக்கு ஒரே முகம்: ஃபிரெட் குட்வின். அவர் நடத்திய ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 2008-ல் 2,410 கோடி பவுண்டு நஷ்டம் காட்டியது. அரசு போட்ட பணம் 4,500 கோடி பவுண்டு. 50 வயதில் வெளியேறிய குட்வினுக்கு ஆண்டுக்கு 7,03,000 பவுண்டு ஓய்வூதியம். 2009 மார்ச் 25-ல் அவருடைய வீட்டு ஜன்னல்களும் காரும் உடைக்கப்பட்டன. ஜூனில் ஓய்வூதியத்தை 3,42,500 பவுண்டாகக் குறைக்கச் சம்மதித்தார். 2012-ல் 'சர்' பட்டம் பறிக்கப்பட்டது. |

ஆறிய பிறகு

பெயர் வெளிவரும் என்ற பயத்தில் அதிகத் தொகை வாங்கிய 20 பேரில் 15 பேர் திருப்பித் தரச் சம்மதித்தார்கள். மொத்தத்தில் திருப்பித் தருவதாகச் சொல்லப்பட்டது சுமார் 5 கோடி டாலர். அந்தக் கோபத்தின் நேரடிப் பலன் அவ்வளவுதான். ஜூனில் கென்னத் ஃபைன்பெர்க் என்ற வழக்கறிஞரை அரசு சம்பளக் கண்காணிப்பாளராக அமர்த்தியது. அவர் அக்டோபரில், அதிக உதவி பெற்ற ஏழு நிறுவனங்களில் உச்சத்தில் இருந்தவர்களின் ரொக்கச் சம்பளத்தைச் சராசரியாக 90 சதவீதம் வெட்டினார். மொத்தத் தொகை பாதியானது. மீதியை நாள்பட வைத்திருக்க வேண்டிய பங்குகளாகக் கொடுக்கச் சொன்னார். திறமைசாலிகள் கூட்டமாக ஓடிவிடுவார்கள் என்ற எச்சரிக்கை பலிக்கவில்லை. பெரும்பாலோர் அதே நாற்காலியில் இருந்தார்கள். 2010 ஜூலையின் டாட்-ஃபிராங்க் சட்டம், அதிகாரிகளின் சம்பளத்தைப் பற்றிப் பங்குதாரர்கள் வாக்களிக்கும் உரிமையைத் தந்தது. ஆனால் நிர்வாகக் குழு அந்த வாக்குக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. தவறான கணக்கின் மேல் வாங்கிய போனஸைத் திரும்பப் பெறும் விதி 2022-ல்தான் இறுதியானது.

அரசுக்கு நஷ்டமில்லையே என்று இப்போது சொல்கிறார்கள். உண்மைதான்: 2012 டிசம்பரில் கடைசிப் பங்கை விற்றபோது ஏ.ஐ.ஜி. கணக்கில் அரசுக்கு 2,270 கோடி டாலர் மிச்சம். ஆனால் காத்திருக்க முடிந்தவருக்குக் கிடைத்த லாபம் அது. நெருக்கடியில் வேலை இழந்த சுமார் 87 லட்சம் பேருக்கும், வீட்டுச் சாவியை வங்கியிடம் கொடுத்தவர்களுக்கும் அப்படிக் காத்திருக்க முடியவில்லை. அவர்களுடைய இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இதை உணராதவர்கள் மேலிடத்தில் இருந்தார்கள் என்பதற்கு ஒரு சான்று: லிடிக்குப் பின் தலைமை ஏற்ற ராபர்ட் பென்மோஷே 2013-ல், போனஸ் மீதான ஆத்திரத்தைத் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை மரத்தில் தூக்கிலிட்ட கொடுமையோடு ஒப்பிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார்.

மற்ற நாடுகள் வெவ்வேறு வழியில் போயின. ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் வங்கி போனஸுக்கு உச்சவரம்பு போட்டது. பிரிட்டன் வெளியேறிய பிறகு 2023 அக்டோபரில் அதை நீக்கியது. உச்சவரம்பு வந்ததும் அடிப்படைச் சம்பளத்தை ஏற்றிவிட்டார்கள் என்ற குறையில் நியாயம் உண்டு. அளவைவிட எப்போது கொடுக்கிறோம், எப்போது பறிக்கிறோம் என்பதே முக்கியம். இந்த நெருக்கடிக்குப் பின் உருவான சர்வதேசக் கோட்பாடுகளை ஒட்டி நம் ரிசர்வ் வங்கியும் 2012-லும் 2019-லும் தனியார் வங்கித் தலைவர்களின் சம்பளத்துக்கு விதி வகுத்தது. 2019 விதிப்படி சம்பளத்தில் குறைந்தது பாதி, செயல்பாட்டைப் பொறுத்து மாறுவதாக இருக்க வேண்டும். அதில் ஒரு பகுதியைத் தள்ளிவைக்கவும் கொடுத்ததைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும்.

ஆளைப் பார்த்து ஆறிய கோபம் மறுபடி எங்கே முளைத்தது? 2023 மார்ச் 10-ல், கவிழ்ந்த சிலிக்கான் வேலி வங்கியை அரசு கைப்பற்றியது. அதற்குச் சில மணி நேரம் முன்புதான் ஊழியர்களுக்கு ஆண்டு போனஸ் போய்ச் சேர்ந்திருந்தது. பிப்ரவரி 27-ல் அதன் தலைமை நிர்வாகி, முன்கூட்டியே பதிந்த திட்டப்படி, 36 லட்சம் டாலர் பங்குகளை விற்றிருந்தார். சட்டப்படி எல்லாம் சரி. மறுபடியும் எல்லாம் சட்டப்படி சரி.

நிதி நிறுவனங்களில் ஆபத்தைத் தூண்டும் சம்பள முறையையே தடைசெய்ய வேண்டும் என்று டாட்-ஃபிராங்க் சட்டத்தின் 956-வது பிரிவு சொல்கிறது. ஒன்பது மாதத்துக்குள் விதி எழுதும்படி ஒழுங்குமுறை அமைப்புகளுக்குக் கெடுவும் வைத்தது. 2011-ல் ஒரு வரைவு வந்தது. 2016-ல் இன்னொன்று. 2024-ல் சில அமைப்புகள் மட்டும் சேர்ந்து மூன்றாவதை வெளியிட்டன. ஃபெடரல் ரிசர்வ் அதில் சேரவில்லை. மூன்றில் ஒன்றுகூட நடைமுறைக்கு வரவில்லை.